நாடுகள் சொல்வதும் செய்வதும்

காலைப் பெரட்டு (ஆள்கணக்கெடுப்பு) முடிந்து, கேமரன் மலையின் லெம்பா பெர்த்தாம் பக்கத்துத் தேயிலைச் சரிவுகளில் ஏறுகிறவர்களைப் பாருங்கள். கொழுந்து வெட்டும் இயந்திரத்தை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு போகும் இருவரில் ஒருவர் வங்காளதேசத்துக்காரராக இருக்கலாம். மற்றவர் நேப்பாளியாகவோ இந்தோனேசியராகவோ இருக்கலாம். 1885இல் வில்லியம் கேமரன் அளந்து சென்ற இந்த மலையில், 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் முதல் பெரிய தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோது சரிவுகளில் ஏறியவர்கள் தமிழர்கள். மலை அதேதான், செடியும் அதேதான். கூடை சுமந்த முதுகுகள் மட்டும் மாறிவிட்டன.

இந்த மாற்றத்துக்கு வறுமையும் பிழைப்புத் தேடலும் மட்டும் காரணமல்ல. இரண்டு அரசுகள் ஒரு கதவைத் திறந்ததும் மூடியதும் இதன் பின்னால் இருக்கின்றன. 2018 செப்டம்பரில் வங்காளதேசத்திலிருந்து ஆள் எடுப்பதை மலேசியா நிறுத்தியது. 2021 டிசம்பரில் புதிய ஒப்பந்தம் கையெழுத்தானது. விசா பெற்றவர்கள் மலேசியாவுக்குள் நுழைய 2024 மே 31 கடைசி நாள் என்று கெடு வைக்கப்பட்டது. அன்று விசா கையில் இருந்தும் விமானம் கிடைக்காமல் ஆயிரக்கணக்கானோர் டாக்காவில் தவித்தனர். நேப்பாளத்துடன் 2018 அக்டோபரில் தனி உடன்பாடு போடப்பட்டது. ஒரு தோட்டத்தின் செக்ரோலை, அதாவது தொழிலாளர் பதிவேட்டை, எடுத்துப் பெயர்களை ஆண்டுவாரியாக அடுக்கினால், நான்கைந்து நாடுகளின் உறவு வரலாறு அதில் வரிசையாக நிற்கும்.

ஆனால் பன்னாட்டு உறவைப் படித்தவர்கள் நெடுங்காலம் செக்ரோல் பக்கம் திரும்பவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் அந்தப் படிப்பு ஒப்பந்த வாசகங்களையும், தூதர்களின் நினைவுக் குறிப்புகளையும், சட்ட நூல்களையும், அரசியல்வாதிகளின் உரைகளையும் நம்பி நின்றது. அறிஞர் ஒருவர் ஆழ்ந்து படிப்பார், தம் அனுபவத்தை வைத்து ஒரு முடிவுக்கு வருவார். இன்னொருவர் அதே தாள்களைப் படித்து எதிர் முடிவுக்கு வருவார். யார் சொன்னது சரி என்று சோதித்துப் பார்க்கும் வழி எதுவும் இல்லை.

அந்த வழியைத் தேடியவர்களின் முயற்சியே நடத்தையியல் அணுகுமுறை. நாடுகள் என்ன சொல்கின்றன என்பதோடு நில்லாமல், நாடுகளும் அவற்றின் மக்களும் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்று கவனி. கவனித்ததை ஒரு விதிப்படி குறித்துவை. அந்த விதியை எல்லோருக்கும் தெரியும்படி எழுது. பிறகு எண்ணு, ஒப்பிடு, உன் ஊகம் பொய்யாகிறதா என்று பார். சிகாகோப் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் மெரியம் 1920களில் அரசியல் படிப்புக்குள் இந்த எண்ணத்தைக் கொண்டுவந்தார். அவருடன் பணியாற்றிய குவின்சி ரைட், பல ஆண்டு உழைப்புக்குப் பின் 1942இல் போரைப் பற்றிய தம் பெருநூலை வெளியிட்டார். போர்களை அட்டவணையிட்டு ஆராய்ந்த முன்னோடி நூல்களில் அது ஒன்று.

இந்த மரபில் என் மனத்துக்கு மிக நெருக்கமானவர் அரசியல் அறிஞர் அல்லர்; ஒரு வானிலையாளர். பிரிட்டனைச் சேர்ந்த லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன், போரை மறுக்கும் குவேக்கர் சமயப் பிரிவினர். முதல் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்து, பிரான்ஸின் போர்முனையில் காயம்பட்டோரைச் சுமக்கும் ஆம்புலன்ஸ் பிரிவில் சேர்ந்தார். வானிலையைக் கணிதத்தால் முன்கூட்டிச் சொல்லும் முறைக்கு வழிவகுத்தவர் அவர். 1920இல் வானிலை அலுவலகம் விமானப்படை அமைச்சகத்தின் கீழ் போனதும் அந்த வேலையை விட்டு விலகினார். மேகத்துக்குச் சமன்பாடு எழுத முடியுமானால் போருக்கு ஏன் முடியாது என்ற கேள்வியோடுதான் மீதி வாழ்நாளைக் கழித்தார்.

ஆயுதப் போட்டிக்கு அவர் எழுதிய சமன்பாட்டில் மூன்றே கூறுகள். எதிரி ஆயுதம் சேர்க்கச் சேர்க்க நமக்கு வரும் அச்சம் ஒன்று. சேர்த்துக்கொண்டே போவதால் நம் பையில் விழும் சுமை இரண்டு. பழைய மனக்குறை மூன்று. அச்சம் சுமையை மிஞ்சினால் போட்டி கட்டுக்கடங்காமல் ஏறும்; சுமை மிஞ்சினால் ஓரிடத்தில் நிற்கும். அதோடு, உலகின் கொடிய சச்சரவுகளையெல்லாம் அவர் ஒரு பட்டியலில் திரட்டினார். அந்தத் தொகுப்பு அவர் இறந்து ஏழு ஆண்டுகள் கழித்து, 1960இல் நூலாக வந்தது. நிலநடுக்கத்துக்கு இருப்பதுபோல் அதற்கும் ஓர் அளவுகோல் வைத்தார். ஒரே ஓர் உயிர் போனால் அளவு 0. பத்து உயிர் போனால் 1, நூறு போனால் 2, ஆயிரத்தை ஒட்டினால் 3, உலகப் போர் 7. ஒரு தெருக்கொலையையும் உலகப் போரையும் ஒரே அளவுகோலில் வைக்க அவர் தயங்கவில்லை.

சச்சரவை எண்ணலாம். நட்பை எப்படி எண்ணுவது? இந்தக் கேள்விக்கு வழி சொன்னவர் கார்ல் டாய்ச். பிராகாவில் பிறந்து, நாஜிகளின் நிழல் தன் நாட்டின் மேல் விழுந்த 1938இல் அமெரிக்காவுக்கு வந்தவர். இரண்டு வீட்டாருக்குள் உறவு எப்படி என்று அறிய, வாசலில் அவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்பதைவிட, வேலிக்கு மேல் குழம்புக் கிண்ணம் போய்வருகிறதா என்று பார்ப்பது மேல். டாய்ச் நாடுகளிடையே அதைத்தான் பார்த்தார்: எத்தனை கடிதங்கள், எத்தனை பயணிகள், எவ்வளவு சரக்கு, எத்தனை மாணவர்கள். இந்தப் போக்குவரத்து அடர்ந்து, ஒருவரோடு ஒருவர் போரிடுவதை நினைத்தே பார்க்காத நிலைக்கு வந்த நாடுகளை அவரும் அவருடைய குழுவினரும் 1957இல் 'பாதுகாப்புச் சமூகம்' என்றனர்.

டாய்ச்சின் முறையைத் தமிழகத்துக்கும் மலாயாவுக்கும் பொருத்திப் பார்க்கலாம். நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் பினாங்குக்குக் கப்பலேறிய தொழிலாளர்களின் எண்ணிக்கை ஆண்டுதோறும் பதிவானது. 1907இல் அமைந்த குடியேற்ற நிதியம் அவர்களுடைய பயணச் செலவை ஏற்றது. கங்காணிகள் ஊர் ஊராகப் போய் ஆள் சேர்த்தார்கள். இந்த எண்ணிக்கையை ரப்பர் விலையோடு சேர்த்து வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று தொடர்ந்து போவது தெரியும். விலை ஏறினால் கப்பல் நிறையும். 1930இல் உலகப் பொருளாதாரம் சரிந்தபோது விலையும் விழுந்தது; லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1934 முதல் விலை மெல்ல எழுந்தது, கப்பல்களும் மறுபடி வந்தன. இதைப் பார்க்கும் ஆய்வாளருக்கு ஓர் ஊகம் தோன்றும்: இரு நாட்டு உறவை இயக்கியது ரப்பர் விலை ஒன்றுதான்.

இந்த ஊகத்தைச் சோதிக்க வரலாறே ஒரு வாய்ப்பைத் தந்தது. 1936 இறுதியில், இந்திய அரசு அனுப்பிய வி. எஸ். சீனிவாச சாஸ்திரி மலாயா வந்து தோட்டங்களைப் பார்த்தார். ஆண்களுக்கு 50 காசும் பெண்களுக்கு 40 காசும் நாட்கூலியாகத் திரும்ப வேண்டும், கங்காணி ஆள்சேர்ப்பு ஒழிய வேண்டும் என்றார்; ஆனால் தொழிலாளர் வருகையை நிறுத்தத் தேவையில்லை என்பதே அவர் கருத்து. சொல்லப்பட்டதை மட்டும் படித்தவர், இனி எல்லாம் சீராகப் போகும் என்றே எழுதியிருப்பார். ஆனால் 1938இல் தோட்ட உரிமையாளர்கள் கூலியைக் குறைத்தார்கள். உதவித்தொகையோடு தொழிலாளர் மலாயா செல்வதை, அந்த ஆண்டு ஜூன் 15 முதல் இந்திய அரசு தடைசெய்தது.

அடுத்த ஆண்டே இரண்டாம் உலகப் போர் வெடித்தது, ரப்பருக்குத் தேவை ஏறியது. விலைதான் எல்லாவற்றையும் இயக்கியது என்றால் 1939இலும் 1940இலும் பினாங்குத் துறைமுகத்தில் தமிழ்த் தொழிலாளர் கூட்டம் பெருகியிருக்க வேண்டும். பெருகவில்லை. கால் நூற்றாண்டுக்கும் மேலாக ஒன்றையொன்று தொடர்ந்துவந்த இரண்டு கோடுகள் அங்கே பிரிந்தன. சந்தை போட்ட கோட்டை ஓர் அரசியல் முடிவு முறித்த இடம் அது. இப்படி ஓர் ஊகத்தை எழுப்பி, அது எங்கே உடைகிறது என்று காட்ட முடிவதே இந்த அணுகுமுறையின் உண்மையான பலம். லெம்பா பெர்த்தாமின் பழைய குடும்பங்கள் பலவற்றின் கதை அந்த உடைப்புக்கு முன்னால் வந்தவர்களின் கதை.

முறை எங்கே தடுமாறும் என்பதற்கும் மலேசியாவே பாடம் தருகிறது. 1963 ஜனவரி 20 அன்று இந்தோனேசிய வெளியுறவு அமைச்சர் சுபாந்திரியோ, மலேசியா என்ற புதிய நாட்டுத் திட்டத்துக்கு எதிராகக் 'கொன்ஃப்ரொந்தாசி' என்ற மோதல் கொள்கையை அறிவித்தார். ஜூலையில், மலேசியாவை நசுக்குவோம் என்று இந்தோனேசிய அதிபர் சுகர்னோ முழங்கினார். சில நாட்களிலேயே மணிலாவில் அவரும் மலாயாப் பிரதமர் துங்கு அப்துல் ரகுமானும் பிலிப்பைன்ஸ் அதிபர் மக்கபகாலும் ஒரே மேசையில் உட்கார்ந்து சகோதர உடன்பாடு கண்டார்கள். செப்டம்பர் 16இல் மலேசியா பிறந்தது. இரண்டு நாளில் ஜகார்த்தாவில் பிரிட்டிஷ் தூதரகம் எரிந்தது. 1964 ஆகஸ்டில் ஜொகூரின் பொந்தியான் கரையில் இந்தோனேசியப் படையினர் இறங்கினர். செப்டம்பரில் லாபிஸ் பக்கம் பாராசூட்டில் குதித்தனர். 1966 ஆகஸ்ட் 11இல் ஜகார்த்தாவில் சமாதானம் கையெழுத்தானது. பிரிட்டிஷ் தரப்புக் கணக்கின்படி 590 இந்தோனேசியர்கள், காமன்வெல்த் படையினர் 114 பேர், பொதுமக்கள் 36 பேர் இறந்தனர்.

இது போரா? அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜே. டேவிட் சிங்கர் 1963இல், அதாவது இந்த மோதல் தொடங்கிய அதே ஆண்டில், போர்களின் காரணிகளைத் தேடும் பெருந்திட்டத்தைத் தொடங்கினார். 1816 முதலான எல்லாப் போர்களையும் ஒரே விதிப்படி பட்டியலிடுவது அதன் அடிப்படை. நாடுகளிடையேயான போர் என்று பெயர் பெற, களத்தில் குறைந்தது 1,000 படைவீரர்கள் இறந்திருக்க வேண்டும் என்பது விதி. மேலே சொன்ன படைவீரர் கணக்கைக் கூட்டினால் மூன்றரை ஆண்டிலும் 704தான். ஆகவே சிங்கரின் போர்ப் பட்டியலில் கொன்ஃப்ரொந்தாசி இல்லை. ரிச்சர்ட்சனின் அளவுகோலிலோ 740 உயிர்கள் என்பது ஏறத்தாழ 3. அங்கே இந்த மோதல் தெளிவாகத் தெரியும். ஒரே மோதல், இரண்டு விதிகள், இரண்டு விடைகள்.

இதைக் காட்டி முறையையே ஒதுக்குவோர் உண்டு. எனக்கு அது ஏற்கத்தக்கதாகத் தோன்றவில்லை. சிங்கர் தம் விதியை மறைக்கவில்லை. மறைக்காததால்தான் நாம் இங்கே உட்கார்ந்து அதை எதிர்த்துக் கேட்க முடிகிறது. பழைய பாணி அறிஞர் "அது பெரிய போர் அல்ல" என்று ஒரு வரியில் முடித்திருந்தால், எதை வைத்து அப்படிச் சொன்னார் என்று யாரும் கேட்டிருக்க முடியாது. சிங்கரைப் பின்பற்றியவர்களும் போர் என்ற வாசலுக்கு இப்பால் உள்ள மிரட்டல், படைக்காட்சி, படைப்பிரயோகம் ஆகியவற்றுக்குப் படிநிலைகள் வகுத்துத் தனிப் பட்டியலே உருவாக்கினார்கள்.

எனக்குக் கவலை தருவது வேறொன்று. 1960களில் சார்லஸ் மெக்லெலண்ட், நாளிதழ்ச் செய்திகளிலிருந்து நாடுகளின் செயல்களை ஒவ்வொன்றாக எடுத்துக் குறியிடும் முறையை உருவாக்கினார். அவருடைய தொகுப்புக்கு 'நியூயார்க் டைம்ஸ்' மூலம். இன்று அதையே இயந்திரங்கள் நொடிக்கு நொடி, உலகத்துச் செய்திகளையெல்லாம் படித்துச் செய்கின்றன. அந்த முறையில் கொன்ஃப்ரொந்தாசியைக் குறியிட்டால் என்ன கிடைக்கும்? சுகர்னோவின் முழக்கம் கிடைக்கும், தூதரகத் தீ கிடைக்கும், பொந்தியான் கிடைக்கும். 1964 முதல் பிரிட்டிஷ், காமன்வெல்த் படைகள் எல்லை தாண்டி இந்தோனேசியாவின் களிமந்தானுக்குள் போய் நடத்திய 'கிளாரெட்' தாக்குதல்கள் கிடைக்கா. முதலில் சில ஆயிரம் கஜம், பிறகு 10,000 கஜம் வரை உள்ளே போக அனுமதி இருந்தது. நாளிதழுக்கு ஒரு சொல்கூடப் போகவில்லை. பல ஆண்டுகள் கழித்தே அது வெளியே தெரிந்தது. மறுபுறம், இந்தோனேசியத் தளபதி சுகார்த்தோவின் ஆட்களான அலி முர்த்தோப்போவும் பென்னி முர்தானியும் மலேசியத் தரப்போடு மறைவாகப் பேசிச் சமாதானத்துக்கு வழிவகுத்ததும் அன்றைய செய்தியில் இல்லை. மோதலின் மிகக் கூர்மையான அடியும் சமாதானத்தின் முதல் அடியும், இரண்டுமே, பட்டியலுக்கு வெளியே நடந்தன. ஊரறிய நடந்ததை மட்டும் எண்ணினால் அந்த மூன்றரை ஆண்டின் உருவமே மாறிவிடும்.

சமாதானம் கையெழுத்தான அதே 1966இல் அறிஞர்களுக்குள்ளும் பெரிய சண்டை மூண்டது. ஆஸ்திரேலியரான ஹெட்லி புல், பன்னாட்டு உறவை அறிவியலாக்கப் பார்ப்பவர்கள் அளக்க முடிந்ததை மட்டும் அளந்து, முக்கியமான கேள்விகளைத் தீண்டாமல் விடுகிறார்கள் என்று கட்டுரை எழுதினார். ஒரு போர் நியாயமானதா, ஓர் அரசு எப்போது தலையிடலாம் என்பவற்றுக்கு அட்டவணை விடை தராது என்பது அவர் வாதம். மார்ட்டன் கப்ளான் அதே ஆண்டில் பதில் எழுதினார்: சோதிக்க முடியாத ஞானத்தை எப்படி நம்புவது? சில ஆண்டுகளில் வியட்நாம் போர், புல்லின் பக்கம் எடை கூட்டியது. அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் மக்னமாராவின் அலுவலகம் எதிரிப் பிணங்களை எண்ணி வெற்றியைக் கணக்கிட்டது. எண்கள் ஏறிக்கொண்டே போயின, போர் தோற்றுக்கொண்டே போனது. நடத்தையியலின் முன்னோடிகளில் ஒருவரான டேவிட் ஈஸ்டனே 1969இல், அமெரிக்க அரசியல் அறிவியல் சங்கத் தலைவர் உரையில், நம் ஆய்வு மக்களின் நெருக்கடிகளுக்குப் பயன்பட வேண்டும் என்று வற்புறுத்தினார். என் மனம் கப்ளான் பக்கம்தான். ஆனாலும் புல் கேட்டதை ஒதுக்கிவிட்டு இந்தத் துறையில் யாரும் நேர்மையாக எண்ண முடியாது.

டாய்ச்சின் வழி தென்கிழக்காசியாவில் நன்றாகவே நிலைத்தது. 1967 ஆகஸ்ட் 8இல் பாங்காக்கில் ஆசியான் பிறந்தது; நேற்றுவரை மோதிய மலேசியாவும் இந்தோனேசியாவும் அதன் நிறுவன நாடுகள். சிப்பாடான், லிகித்தான் தீவுகளுக்கான உரிமை வழக்கு பன்னாட்டு நீதிமன்றத்துக்குப் போனது. 2002 டிசம்பரில் தீர்ப்பு மலேசியாவுக்குச் சாதகமாக வந்தது, இந்தோனேசியா ஏற்றுக்கொண்டது. ஒரு காலத்தில் பாராசூட்டில் வந்த நாட்டிலிருந்து இன்று பெர்மிட்டோடு தொழிலாளர்கள் வந்து மலேசியத் தோட்டங்களில் வேலை செய்கிறார்கள். லெம்பா பெர்த்தாம் சரிவில் நிற்கும் இந்தோனேசியர், டாய்ச் எண்ணச் சொன்ன போக்குவரத்தில் ஒருவர்.

இனி, எண்ணிக்கையின் மிகப் பெரிய ஓட்டையைச் சொல்ல வேண்டும். அது தமிழரைத் தொட்டது.

1942இல் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடத் தொடங்கினர். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. வேலை செய்த போர்க் கைதிகள் அறுபதாயிரத்துக்கும் மேல்; அவர்களில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் கிட்டத்தட்ட 7,000 கற்கள் வரிசையாக நிற்கின்றன, பெரும்பாலானவற்றில் பெயரும் நாளும் உண்டு. அதே பாதையில் ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சம் பேர் அளவுக்கு இழுத்துச் செல்லப்பட்டார்கள். இறந்தவர்கள் சுமார் 90,000 என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. மலாயாத் தோட்டங்களிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அவர்களுக்கு வரிசையாகக் கல் இல்லை, பெயர்ப் பட்டியல் இல்லை. எண் என்று நம்மிடம் இருப்பது ஒரு மதிப்பீடு மட்டுமே.

சிங்கரின் விதி படைவீரர்களின் இறப்பை எண்ணுவது. இந்தத் தொழிலாளர்கள் சீருடை அணிந்தவர்கள் அல்லர்; ஆகவே இரண்டாம் உலகப் போரின் எண்ணிக்கையில் அவர்கள் வரமாட்டார்கள். 90,000 என்பது ரிச்சர்ட்சனின் அளவுகோலில் 5ஐ ஒட்டிய அளவு. ஒரு பெரும் போருக்குச் சமம். கொன்ஃப்ரொந்தாசியில் இறந்தவர்களைப்போல் நூறு மடங்குக்கும் மேல். நாடுகளின் உறவு முறிந்ததால் செத்த இத்தனை மனிதர்கள், நாடுகளின் உறவை அளக்கும் பட்டியலில் இல்லை. சிங்கர் அவர்களைப் புறக்கணிக்க எண்ணினார் என்று நான் சொல்லவில்லை. படைகள் தங்கள் இறந்தவர்களைப் பதிவுசெய்யும், அந்தப் பதிவு ஆய்வாளருக்குக் கிடைக்கும். கூலித் தொழிலாளிக்குப் பதிவு எழுத யாரும் இல்லை. எழுதப்படாததை எந்தக் கணினியாலும் எண்ண முடியாது. ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' நாவலை எழுதியதாலும், உயிர் பிழைத்து வந்தவர்கள் வாய்விட்டுச் சொன்னதாலும்தான் அந்தத் துயரம் நமக்கு ஓரளவு கிடைத்தது.

இன்றும் நிலைமை முழுக்க மாறிவிடவில்லை. பெர்மிட் உள்ளவர் எண்ணிக்கையில் வருவார். பெர்மிட் காலாவதியாகி மலைச்சரிவுக் காய்கறித் தோட்டத்தில் ஒதுங்கி வேலை செய்பவர் வரமாட்டார். மலேசியாவுக்கும் வங்காளதேசத்துக்கும் உள்ள உறவை வெறும் அதிகாரப்பூர்வ எண்களை வைத்து வரையும் ஆய்வாளர் பாதிப் படத்தைத்தான் வரைவார். அவர் மலையேறி வந்து, எந்தப் பட்டியலில் யார் விடுபட்டார்கள் என்று கேட்டுத் தம் விதியைத் திருத்த வேண்டும். திருத்திய விதியையும் எல்லோரும் பார்க்கும்படி எழுத வேண்டும்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். தோட்டத்தில் வாழ்ந்த உங்கள் பாட்டன், பாட்டி விட்டுப்போன தகரப்பெட்டியில் பழைய சம்பளச் சீட்டோ, கப்பல் டிக்கெட்டோ, கடவுச்சீட்டோ, ஊரிலிருந்து வந்த கடிதமோ, மணியார்டர் ரசீதோ இருந்தால் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். தோட்டத்தின் பெயரையும், ஆண்டையும், அந்த மனிதர் உங்களுக்கு என்ன உறவு என்பதையும் ஒரு தனித்தாளில் எழுதி அதோடு வையுங்கள். படமெடுத்து ஒரு பிரதி வைத்துக்கொண்டு, மூலத்தை மலேசியத் தேசிய ஆவணக் காப்பகத்திடமோ மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையிடமோ கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். சயாமுக்குப் போனவர்கள் உங்கள் குடும்பத்தில் இருந்தால், அவர்கள் பெயரை இன்றே எழுதிவையுங்கள்.